பாஸ்டன் விளம்பரப் பலகைகளும் வெடிகுண்டு பீதியும்: காவல்துறை மிகைப்படுத்தியதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று, ஒரு கார்ட்டூன் திரைப்படத்துக்காகப் பொது இடங்களில் மாட்டப்பட்டிருந்த ஒளிரும் பலகைகளை வெடிகுண்டு என்று நினைத்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஒரு பகல் முழுவதும் அல்லாடியது. அதே பலகைகள் வேறு ஒன்பது நகரங்களில் எந்தச் சலனமும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தனவே, அப்படியிருக்கப் பாஸ்டன் காவல்துறை தேவைக்கு மீறிப் பதறியதா, அல்லது தவறு விளம்பரம் செய்தவர்களுடையதா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத் துறையில் இருக்கும் நீங்கள் இத்தகைய வேலையில் இறங்கினால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் உங்கள் கேள்வியில் அடங்கியிருக்கிறது. ‘யார் மேல் தவறு’ என்று ஒன்றாகக் கேட்டாலும் இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. முதல் பலகையைக் கண்டதும் எடுத்த நடவடிக்கை நியாயமானதா என்பது ஒன்று. அந்தப் பீதி காலையில் தொடங்கி மாலைவரை நீண்டதற்கு யார் காரணம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பொது நிகழ்ச்சிகளுக்கும் பொது இட விளம்பரங்களுக்கும் பாதுகாப்புத் திட்டம் வகுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினருடன் அமர்ந்து பயிற்சி பெற்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பணியைச் செய்தவன் அல்லேன், வழக்கறிஞனும் அல்லேன். அந்த எல்லைக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பலகையை நேரில் பார்த்தவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. சுமார் ஓர் அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கறுப்புப் பலகை. அதன் முகப்பில் வரிசை வரிசையாகச் சிறிய எல்.இ.டி. விளக்குகள், கீழ்ப்பகுதியில் கறுப்பு டேப் சுற்றிக் கட்டப்பட்ட பேட்டரிகள், வெளியே தெரியும் வயர்கள். இருட்டில் விளக்குகள் எரியும்போது, நடுவிரலை நீட்டி நிற்கும் ஒரு கார்ட்டூன் உருவம் எடுப்பாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு உருவத்தைவிட வயரும் பேட்டரியும்தான் முதலில் கண்ணில் படும். காலை எட்டு மணியளவில் சல்லிவன் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் ஒரு பயணி அதைப் பார்த்துக் காவலரிடம் சொன்னார். பலகை இருந்த இடம், 93ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத் தாங்கும் கட்டமைப்பு. மேலே நெடுஞ்சாலை, பக்கத்தில் ரயில் நிலையம், நேரமோ அலுவலகம் செல்பவர்களின் நெரிசல் வேளை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில்தான் மாட்ரிட் ரயில்களிலும் லண்டன் சுரங்க ரயில்களிலும் குண்டுகள் வெடித்திருந்தன. உலக வர்த்தக மையத்தின் மீது மோதிய இரு விமானங்களும் பாஸ்டனின் லோகன் விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பியிருந்தன. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பணியில் நிற்கும் ஒரு காவலர், யார் வைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாத அந்தப் பொருளை அருகில் போய்க் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெடிகுண்டுப் பிரிவினர் ஒரு மர்மப் பொருளை அணுகும் முறையைப் பற்றி வெளியில் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘இது குண்டுதானா’ என்று உறுதிசெய்த பிறகே செயல்படுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. மின்சாரம் தரும் ஒன்று, தூண்டிவிடும் சுவிட்ச், வெடிபொருளை வெடிக்கச் செய்யும் சிறு கருவியான டெட்டனேட்டர், வெடிபொருள் ஆகியவற்றில் எவை எவை இருக்கின்றன என்று தேடுவார்கள். இருப்பவற்றைக் காண்பது எளிது, இல்லை என்று நிரூபிப்பது கடினம். பலகையின் பின்னால் டேப் சுற்றிய ஒரு பொதி இருந்தால், அதற்குள் பேட்டரி மட்டும்தான் இருக்கிறது என்பது தூரத்திலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியாது. ஆகவே, மனிதக் கை படாமல் அதைச் சிதறடிப்பதே பாதுகாப்பான வழி. அதற்கென ஒரு கருவி இருக்கிறது. ஒரு தோட்டாவின் உந்துவிசையால் தண்ணீரை மிக வேகமாகப் பாய்ச்சி, மின்சுற்று இணைவதற்குள் பாகங்களைப் பிரித்து எறிந்துவிடும். அந்தச் சமயத்தில் கேட்கும் ‘டமார்’ சத்தம் கருவியுடையது. ஆனால் தொலைக்காட்சியில் ‘வெடிக்கச் செய்தனர்’ என்று செய்தி வந்ததும், வெடித்ததென்றால் குண்டாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பீதி பெருகுவதில் இந்தச் சொல்லாட்சிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் கவனித்து வந்திருக்கிறேன்.

மற்ற ஒன்பது நகரங்கள் அமைதியாக இருந்தனவே என்ற வாதத்துக்கு வருகிறேன். நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் போன்ற ஊர்களிலும் இந்தப் பலகைகள் இருந்தன. சிலவற்றில் இரண்டு வாரங்களுக்கு மேலாகவே இருந்தன. அந்நகரங்களின் காவல்துறைகள் பலகைகளைப் பரிசோதித்து, ஆபத்தில்லை என்று நிதானமாக முடிவெடுத்தன என்று பலரும் கற்பனை செய்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது அதுவன்று. யாரும் புகார் சொல்லவில்லை, ஆகவே யாரும் பரிசோதிக்கவில்லை. புகார் என்ற ஒன்று வந்தால்தான் இந்த இயந்திரமே சுழலத் தொடங்கும். வழிப்போக்கர் ஒருவர் நின்று பார்த்துக் காவலரிடம் சொல்வதும் சொல்லாமல் போவதும் தற்செயல். ஒன்பது ஊர்களில் அந்தத் தற்செயல் நேரவில்லை, பத்தாவதில் நேர்ந்தது. பாஸ்டன் மக்கள் கூடுதலாகப் பயந்தவர்கள் என்றோ, மற்ற ஊர் மக்கள் விவரம் தெரிந்தவர்கள் என்றோ இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை விவாதங்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை. காலையில் முதல் பலகை சிதறடிக்கப்பட்ட பிறகு பதற்றம் ஓரளவு தணிந்திருந்தது. பிற்பகல் ஒரு மணி வாக்கில்தான் அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன: நகரின் நடுவே ஒரு தெருச் சந்திப்பில் ஒன்று, சார்லஸ் ஆற்றின் மேலுள்ள லாங்ஃபெல்லோ பாலத்தில் ஒன்று, பாஸ்டன் பல்கலைக்கழகப் பாலத்தில் ஒன்று. ஆற்றில் படகுப் போக்குவரத்தைக்கூட நிறுத்தினார்கள். ஒரே ஒரு மர்மப் பொருள் என்றால் யாரோ மறந்து வைத்துப்போனது என்று நினைக்க இடமுண்டு. ஒரே மாதிரியான பொருள்கள் பாலங்களிலும் நெடுஞ்சாலைத் தூண்களிலும் ஒரே நாளில் தென்பட்டால், பாதுகாப்புப் பணியில் இருப்பவர் அதைத் திட்டமிட்ட தாக்குதலின் அடையாளமாகத்தான் வாசிப்பார். மாட்ரிட்டும் லண்டனும் கற்றுக்கொடுத்தது அதைத்தான். இப்படி முன்னறிவிப்பின்றிப் பொது இடங்களில் திடீரெனச் செய்யும் விளம்பரத்தைக் கெரில்லா மார்க்கெட்டிங் என்பார்கள். அதன் வெற்றி எதில் இருக்கிறது? ஒரே உருவம், எதிர்பாராத இடங்களில், திரும்பத் திரும்ப, யார் வைத்தார்கள் என்று தெரியாமல் கண்ணில் பட வேண்டும். இந்த நான்கு குணங்களும் சேர்ந்தால் பாதுகாப்புத் துறைக்கு அபாயமணி அடிக்கும். விளம்பரத்தை நன்றாகச் செய்யச் செய்ய அது தாக்குதலைப் போலவே தோன்றும் என்பதுதான் இந்தத் தொழிலில் உள்ள உண்மையான சிக்கல். நடுவிரல் காட்டும் கார்ட்டூனைப் பார்த்துமா புரியவில்லை என்று கேலி செய்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, அதே நாளில் நகரின் ஒரு மருத்துவமனையில் பைப் வெடிகுண்டு போல் செய்யப்பட்ட போலிப் பொருள் ஒன்றும் கிடைத்தது. விளம்பரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அன்று பிற்பகலில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு அதை எப்படித் தெரிந்திருக்க முடியும்?

இரண்டாவது கேள்விக்கான என் பதில் இதிலிருந்துதான் பிறக்கிறது. பிற்பகல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் காவல்துறையைச் சேர்ந்த ஒருவர் அந்த உருவம் ஒரு கார்ட்டூன் பாத்திரம் என்று அடையாளம் கண்டார். பலகைகளை வைக்கச் சொன்ன டர்னர் பிராட்காஸ்டிங் நிறுவனத்தின் அறிக்கை மாலை நாலரை மணியளவில்தான் வெளிவந்தது. காலை எட்டு மணியிலிருந்து கணக்கிட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல். இந்த நேரம் முழுவதும், ‘இவை எங்கள் விளம்பரப் பலகைகள், உள்ளே பேட்டரி தவிர எதுவும் இல்லை, இன்னின்ன இடங்களில் வைத்திருக்கிறோம்’ என்று சொல்லக்கூடியவர்கள் உலகில் இருந்தார்கள். அந்தத் தகவல் அதற்கு உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. நேரலையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே, டர்னருக்காக இந்த வேலையை எடுத்துச் செய்த விளம்பர முகவர் நிறுவனத்திலிருந்து, வாயைத் திறக்க வேண்டாம் என்று பலகைகளை மாட்டியவர்களுக்கு மின்னஞ்சல் போனதாக அப்போது செய்தி வெளியானது. அதை நான் நாளிதழ்ச் செய்தியாகத்தான் அறிவேன். ஆகவே அதன் மேல் என் வாதத்தைக் கட்டவில்லை. அந்த மின்னஞ்சல் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. காலையில் எழுந்த சந்தேகத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். மாலைவரை அது நீடித்ததற்கு, தகவலைக் கையில் வைத்திருந்தவர்களே பொறுப்பு. அவர்கள் கெட்ட நோக்கத்தோடு மறைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி ஒரு சூழ்நிலை வந்தால் யார், யாருக்கு, எந்த எண்ணில் பேச வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி எழுதி வைத்திருக்கவில்லை என்பதே பெரும்பாலும் நடப்பது.

காவல்துறையையும் அரசுத் தரப்பையும் முழுவதுமாக விடுவித்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அன்று மாலைக்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. பலகைகளைக் கூலிக்கு மாட்டிய இரண்டு இளைஞர்களைக் கைது செய்து, பீதியை உண்டாக்கும் நோக்கத்துடன் போலி வெடிகுண்டு வைத்ததாக வழக்குப் பதிந்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு ‘நோக்கம்’ என்பது அடிப்படைக் கூறு. கார்ட்டூன் படத்தை மக்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நினைத்து மாட்டியவரிடம் மக்களை அச்சுறுத்தும் நோக்கம் இருந்தது என்று நிரூபிப்பது எப்படி? கவனக்குறைவு வேறு, புரளி கிளப்புவது வேறு. உடனடியாகச் சினம் கொண்டு பேசிய மாநில அட்டர்னி ஜெனரல் மார்த்தா கோக்லியும் மேயர் தாமஸ் மெனினோவும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்பது என் கருத்து. மே மாதத்தில் அந்த இளைஞர்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டுச் சமூகப் பணி செய்த நிலையில் அந்தக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. நிறுவனத் தரப்பில், டர்னரும் முகவர் நிறுவனமும் சேர்ந்து 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. அதில் பாதி அரசு அமைப்புகளின் செலவுக்கும் மறுபாதி பாதுகாப்புப் பணிகளுக்கான நல்லெண்ண நிதியாகவும் போயிற்று. பிப்ரவரி 9 அன்று, டர்னரின் தொலைக்காட்சிச் சேனலான கார்ட்டூன் நெட்வொர்க்கின் தலைவர் பதவி விலகினார். பணமும் பதவியும் போனது மேல்மட்டத்தில்தான் என்றாலும், கைவிலங்கோடு கேமராக்கள் முன் நின்றவர்கள் கடைசிப் படியில் இருந்தவர்கள். உங்களிடம் வேலை செய்யும் இளைஞர்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

இது பாஸ்டனில் மட்டும் நடந்த விபத்தும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 2006 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழை வாங்குபவர்களே கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளும் தெருவோர விற்பனைப் பெட்டிகள் 4,500இல், கதவைத் திறந்தால் ‘மிஷன் இம்பாசிபிள்’ பட இசை ஒலிக்கும்படி சிறிய கருவிகளைப் பொருத்தினார்கள். சிவப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து நீளும் வயர்கள். கண்ணில் படாமல் உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய இந்தக் கருவிகள் சில, நாளிதழ்க் கட்டுகளின் மேல் கழன்று விழுந்து கிடந்தன. நாளிதழ் எடுக்க வந்தவர் அதைக் கண்டு தகவல் சொல்ல, வெடிகுண்டு நிபுணர்கள் ஒரு விற்பனைப் பெட்டியையே தகர்த்தார்கள். 2014 மே மாதம் சிட்னியில், ஒரு செய்தி நிறுவனத்தின் அலுவலகத்துக்கு ஒரு வீடியோ கேமின் விளம்பரமாகக் கறுப்புப் பெட்டகம் ஒன்று வந்து சேர்ந்தது. உங்கள் வாய்ஸ்மெயிலைக் கேளுங்கள் என்று கூடவே ஒரு கடிதம். பெறுநருக்கோ வாய்ஸ்மெயில் வசதியே இல்லை. பெட்டகம் ‘பீப்’ என்று ஒலிக்கத் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டு, வெடிகுண்டுப் பிரிவு வந்து திறந்து பார்த்தபோது உள்ளே கேமும் அதன் விளம்பரப் பொருள்களும் இருந்தன. விளக்கம் தயாராகத்தான் இருந்தது, ஆனால் அது சென்ற வழி அடைபட்டிருந்தது. நான் தகவலின் பாதையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

உங்கள் நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். பலகையில் நிறுவனத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டால் போதுமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். போதாது. தாக்குதல் நடத்துபவனும் ஒரு ஸ்டிக்கரை ஒட்டலாம் என்பதால் காவலர் அதை அப்படியே நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. ஆனால் அந்த எண்ணை அழைத்ததும் ஒருவர் எடுத்து, பலகையின் வரிசை எண்ணைக் கேட்டு, அது எங்கே, எப்போது, யாரால் வைக்கப்பட்டது என்று ஒரு நிமிடத்தில் சொல்ல முடிந்தால், அது வேறு விஷயம். அது சரிபார்க்கக்கூடிய தகவல். அதே பட்டியல் முன்கூட்டியே கட்டுப்பாட்டு அறையில் இருந்தால் இன்னும் நல்லது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பாஸ்டனில் நகரக் காவல்துறை, ரயில் போக்குவரத்துக் காவல்துறை, மாநிலக் காவல்துறை என மூன்றும் தனித்தனி அமைப்புகள். பலகைகள் மூவரின் எல்லைக்குள்ளும் இருந்தன. ஓர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், அந்தக் கடிதம் ஞாயிறு இரவுப் பணியில் இருப்பவரின் மேசைக்குப் போகுமா என்று விசாரிப்பதில்லை. ஒருமுறை ஒரு முகவர் நிறுவனம், ரயில் நிலையங்களில் ஒலியெழுப்பும் பெட்டிகளை வைக்கும் திட்டத்தை என்னிடம் கொண்டுவந்தது. அனுமதிக் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நள்ளிரவில் அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கும் வரவேற்பறை எண்ணைக் காட்டினார்கள். திட்டத்தின் மற்ற பகுதிகளைப் படிப்பதற்கு முன் அதைத்தான் முதலில் மாற்றச் சொன்னேன்.

முன்கூட்டித் தகவல் சொன்னால் ரகசியம் போய்விடும், விளம்பரத்தின் உயிரே போய்விடும் என்பது வழக்கமாக வரும் மறுப்பு. நீங்கள் வியப்பில் ஆழ்த்த விரும்புவது பொதுமக்களை. கட்டுப்பாட்டு அறை அதிகாரி உங்கள் பார்வையாளர் அல்லர். அவருக்குத் தெரிவதால் தெருவில் நடப்பவரின் வியப்பு குறையப் போவதில்லை. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஐயம் இருப்பது வேறு இடத்தில்: தகவல் சொல்வதும் அனுமதி கேட்பதும் ஒன்றாகிவிடும், கேட்டால் மறுப்பார்கள் என்ற பயம் பொய்யானதல்ல. பல நேரங்களில் மறுக்கத்தான் செய்வார்கள். அன்றைய பாஸ்டனில் முன்கூட்டிக் கேட்டிருந்தால் நெடுஞ்சாலைத் தூணில் மாட்ட அனுமதித்திருப்பார்களா என்றால், மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். சட்டத்தைப் பொறுத்தவரை, போலி வெடிகுண்டு குறித்த விதிகளும் பொதுச் சொத்தில் பொருள் ஒட்டுவது குறித்த விதிகளும் நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் எழுத்து மூலம் கருத்துப் பெறுங்கள், என் பதிலை அதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குழப்பத்தால் அந்தப் படத்துக்குக் கோடிக்கணக்கில் இலவச விளம்பரம் கிடைத்தது, ஆகவே மொத்தத்தில் லாபமே என்று உங்கள் துறையில் சிலர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். படம் அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்து அமெரிக்காவில் சுமார் 55 லட்சம் டாலர் வசூலித்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் அது. அந்த வசூலில் எவ்வளவு பங்கு ஜனவரிக் குழப்பத்தால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை, படத்துக்கு மூலமான தொலைக்காட்சித் தொடருக்கு முன்பே ரசிகர்கள் இருந்தார்கள். உறுதியாகத் தெரிந்த எண், கொடுத்த 20 லட்சம் டாலர்தான். லாபக் கணக்கை வைத்து உங்களை யாராவது தைரியப்படுத்தினால் அந்த ஒப்பீட்டை அவர்களிடம் கேளுங்கள்.

பொருள்களைத் திரும்ப எடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வைப்பதைவிட அதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். 2016 மே மாதம் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் கழிப்பறை ஒன்றில் வெடிகுண்டு போன்ற பொருள் கிடைக்க, நடக்கவிருந்த கால்பந்தாட்டம் கைவிடப்பட்டு, மைதானம் காலிசெய்யப்பட்டது. சில நாள்களுக்கு முன் அங்கே பயிற்சி நடத்திய ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் எடுக்க மறந்துபோன பயிற்சிப் பொருள் அது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இது நடந்தது. ஆகவே, எத்தனை வைத்தோம், எத்தனை எடுத்தோம் என்ற இரண்டு எண்களும் பொருந்தும்வரை உங்கள் தொலைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். காணாமல் போனவற்றின் வரிசை எண்களைக் கட்டுப்பாட்டு அறைக்கும் தெரிவித்துவிடுங்கள். வயர், பேட்டரி, டேப், ஒலி ஆகிய எதுவும் வெளியே தெரியாதபடி மூடிய வடிவமாகச் செய்யுங்கள். பாலம், ரயில் நிலையம், மருத்துவமனை, விமான நிலையம் ஆகிய இடங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அவற்றைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டு, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கிடைக்கும் சுவர்களுக்கும் கடை முகப்புகளுக்கும் அதே பலகைகளைக் கொண்டு செல்லுங்கள்.